கூட்டம் உண்டு, நிலம் இல்லை: கொல்கத்தாவின் கால்பந்து கிளப்புகளும் அந்நகரின் உள்கட்டமைப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் காட்டிய வரைபடங்களைச் சார்ந்த விளக்கங்களும் சில கிளைப்பேச்சுகளும் நீக்கப்பட்டுள்ளன.)



நகரப் புவியியலுக்கான மேடையில் கால்பந்து பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டேன். நகரத்தைப் பற்றிப் பேசுங்கள், நடுவில் பந்து வந்தால் ஆட்சேபம் இல்லை என்றார்கள். அந்த அனுமதியைக் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

ஒரு கால்பந்து கிளப் ஏன் ஓங்குகிறது, ஏன் தேய்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், பணம் என்ற மூன்றும் பதிலாக வரும். மூன்றும் சரிதான். ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் ஊர் என்று ஒன்று இருக்கிறது. மைதானம் யாருடைய நிலத்தில் இருக்கிறது? ரசிகர் எதில் ஏறி வருகிறார், எதில் ஏறித் திரும்புகிறார்? வாயில் எத்தனை அகலம்? மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது? இவற்றையெல்லாம் கிளப் தீர்மானிப்பதில்லை. நகரம் தீர்மானிக்கிறது, அதுவும் பெரும்பாலும் கால்பந்தை நினைக்காமலேயே.

இதைச் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட ஊர் கொல்கத்தா. மோகன் பகான் 1889-இல் பிறந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல். ஈஸ்ட் பெங்கால் 1920-இல். நூறாண்டைத் தாண்டிய மூன்று கிளப்புகள் ஒரே ஊரில், அதுவும் ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தூரத்தில் குடியிருக்கின்றன. இந்தியாவில் கால்பந்துக்கு இதைவிடப் பெரிய கூட்டம் கூடிய ஊர் கிடையாது. அப்படியிருந்தும் இந்தக் கிளப்புகள் எதுவும் தன் பெரிய ஆட்டத்தைத் தன் சொந்த இடத்தில் நடத்த முடிந்ததில்லை. கொல்கத்தா தன் கிளப்புகளுக்குக் கூட்டத்தை வாரிக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தை உட்காரவைக்க நிலத்தைக் கொடுக்கவில்லை. இதுவே என் வாதம். இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன். ஆறும் ஒரே நீளத்தில் இருக்காது.

1

நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1756-இல் சிராஜ் உத் தௌலாவின் படை கொல்கத்தாவின் பழைய கோட்டையைப் பிடித்தது. கோட்டையை ஒட்டி நின்ற வீடுகள், தாக்க வந்தவர்களுக்கு நல்ல மறைவாகப் போயின. அடுத்த ஆண்டு பிளாசியில் வென்ற கம்பெனி, தெற்கே தள்ளிப் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டியபோது அந்தப் பாடத்தை மறக்கவில்லை. கோட்டையைச் சுற்றிக் காட்டை வெட்டி, பீரங்கியின் பார்வைக்கு எதுவும் குறுக்கே நிற்காதபடி வெட்டவெளியாக்கினார்கள். அந்த வெட்டவெளிதான் மைதான் என்று இன்று சொல்லப்படும், சுமார் 1,000 ஏக்கர் பரந்த பசுந்திடல். கோட்டை ராணுவத்தின் கையில் இருக்கிறது, திடலும் அதன் கையில்தான். அங்கே நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது அன்றிலிருந்து வரும் விதி.

ஆகவே கொல்கத்தா கிளப்புகளின் தலைமையகத்துக்கு டென்ட் என்று பெயர். உள்ளே போனால் கூடாரம் எதுவும் இல்லை. தாழ்ந்த கூரை, வராந்தா, புல்வெளியில் நாற்காலிகள், கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கோப்பைகள், பின்பக்கம் ஒரு கேன்டீன். மாலையில் மூத்த உறுப்பினர்கள் வாட்டிய ரொட்டியும் மிளகு தூவிய கோழி ஸ்டூவும் வைத்துக்கொண்டு நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பெனால்டியைப் பற்றி விடாமல் சண்டை போடுவார்கள். நான் அந்த ஊரில் வேலை பார்த்த காலத்தில் அந்த ஸ்டூவுக்காகவே போயிருக்கிறேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. டென்டை ஒட்டி ஒரு ஆடுகளம், சுற்றிலும் கேலரி. இருபதாயிரம் சொச்சம் பேர் உட்காரலாம். அதற்கு மேல் கட்ட வழியில்லை. ஒரு கம்பம் நட வேண்டுமென்றாலும் ராணுவத்தின் ஒப்புதல் வேண்டும்.

லட்சம் பேர் பின்னால் நிற்கிற கிளப்புக்கு இருபதாயிரம் பேர் உட்காரும் கேலரி. மீதிப் பேர் என்ன செய்தார்கள்? கோட்டைப் பக்கத்து மண்மேட்டில் ஏறி நின்றார்கள். அதை இன்றும் ராம்பார்ட் என்றே சொல்கிறார்கள். மரத்தில் ஏறினார்கள். அட்டைக் குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து ஒட்டிய பெரிஸ்கோப்புகளை வாங்கி, முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலே நீட்டிப் பார்த்தார்கள். இவர்கள் யாரும் டிக்கெட் வாங்கியவர்கள் இல்லை. கிளப்பின் கணக்கில் இவர்கள் வரவு ஆகவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

2

ஆனால் அதே மைதான் கிளப்புகளுக்குச் செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். அது நகரத்தின் நட்டநடுவில் இருந்தது. கிழக்கில் சௌரங்கி, வடக்கில் எஸ்பிளனேடு, அதைத் தாண்டினால் டல்ஹௌசி சதுக்கத்தின் அலுவலகங்கள். நான்கு மணிக்குப் பேனாவை மூடிவைத்த குமாஸ்தா, கால்மணி நேரம் நடந்தால் கேலரியில் இருப்பார். கொல்கத்தாவில் மின்சார டிராம் முதன்முதலில் 1902-இல் ஓடிய தடம் எஸ்பிளனேடிலிருந்து கிதர்பூருக்கு. அதாவது மைதானத்தின் ஊடாகவே. அன்று நகரத்தின் பல டிராம் தடங்களுக்கு எஸ்பிளனேடுதான் கடைசி நிறுத்தம். கால்பந்துக்கென்று திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைத்திருக்க மாட்டார்கள்.

1911 ஜூலை 29-ஐ இந்தக் கண்ணால் பாருங்கள். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்ற நாள் அது. ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதும், சிபதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தார்கள் என்பதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் தேசிய எழுச்சியைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி: அவ்வளவு பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள்? கிழக்கிந்திய ரயில்வே சிறப்பு ரயில் விட்டது. ஹூக்ளியில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. ஆட்டம் நடந்த திடலில் தற்காலிகமாக ஒரு தொலைபேசி இணைப்புப் போட்டார்கள். பின்வரிசையில் நின்று எதுவும் தெரியாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்குச் சொன்னார்கள். கூட்டத்தின் அளவு பற்றிய மதிப்பீடுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். குறைவாகச் சொல்பவர்களே 60,000 என்கிறார்கள். தண்டவாளமும் படகுத்துறையும் டிராமும் ஒரே இடத்தில் கூடாத ஊரில் இத்தனை பேர் ஒரு பிற்பகலில் கூடியிருக்க முடியாது. வென்ற பதினோரு பேருக்குச் சிலை வைக்கலாம். அந்த ரயில் அட்டவணையைத் தயாரித்த பெயர் தெரியாத குமாஸ்தாவுக்கும் அந்த வெற்றியில் ஒரு பங்கு உண்டு.

1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கொல்கத்தா லீக் பட்டம் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கூட்டமும் இப்படித்தான் திரண்டது. கிதர்பூர், மேட்டியாபுருஸ், ராஜாபஜார் பகுதிகளிலிருந்து நடந்தோ டிராமிலோ மைதானத்துக்கு வருவது எளிது.

ஒரு கிளைச்செய்தி. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு டிராம் சேவையை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது, பாரம்பரியச் சின்னமாக ஒரே ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. எஸ்பிளனேடு முதல் மைதான் வரை.

3

மூன்றாவது குறிப்பு ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது. சியால்டா.

ஈஸ்ட் பெங்கால் என்ற கிளப்பை உருவாக்கிய இடம் எது என்று கேட்டால் நான் மைதானைச் சொல்ல மாட்டேன், சியால்டாவைச் சொல்வேன். கிழக்கு வங்க ரயில்வேயின் கடைசி நிலையம் அதுதான். டாக்காவிலிருந்து புறப்பட்டவர்கள் நீராவிப் படகில் ஆற்றைக் கடந்து, கோயாலந்தோ துறையில் ரயில் ஏறி, சியால்டாவில் இறங்கினார்கள். படிக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வழக்கு நடத்த வந்தவர்கள். மெஸ்களில் தங்கினார்கள். பேச்சு வேறு, சமையல் வேறு, மேற்கு வங்கக்காரர்கள் கேலி பேசினார்கள். இவர்களுக்கென்று 1920-இல் ஒரு கிளப் தோன்றியது.

பிரிவினைக்குப் பிறகு அதே நிலையத்தில் அவர்களுடைய உறவினர்கள் வேறு விதமாக வந்து இறங்கினார்கள். 1950-இன் கலவரங்களை ஒட்டி சியால்டாவின் நடைமேடைகளே குடியிருப்பாயின. நடைமேடையிலிருந்து அவர்கள் பரவியது ரயில் பாதையின் வழியே: தெற்கே ஜாதவ்பூர், வடக்கே டம்டம், பராசத், ஹாப்ரா. ஜாதவ்பூருக்கு அருகில் பிஜய்கர் காலனி எழுந்தது, இரண்டாம் உலகப் போரின்போது போட்டு, பிறகு கைவிட்ட ராணுவ முகாமில். (கால்பந்து கிளப்புக்குக் கிடைக்காத ராணுவ நிலம் அகதிகளுக்குக் கிடைத்தது என்று சொன்னால் விளையாட்டாக இருக்கும். அவர்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை, குடியேறிவிட்டார்கள்.)

இப்போது புறநகர் ரயில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சியால்டாவில் வந்து சேரும் பாதைகளில் அகதிக் காலனிகள் அடர்த்தியாக இருக்கின்றன. ஹவுராவில் வந்து சேரும் பாதைகளில் ஸ்ரீராம்பூர், சூச்சுரா போன்ற பழைய மேற்கு வங்க ஊர்கள். முதல் வகையில் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-தங்க நிறக் கொடி அதிகம், இரண்டாம் வகையில் மோகன் பகானின் பச்சை-அரக்கு நிறக் கொடி அதிகம். கறாரான எல்லைக்கோடு இல்லை. கலப்பு நிறைய உண்டு, ஒரே வீட்டில் இரு கொடிகள் உண்டு. ஆனாலும் இந்த இரு கிளப்புகளும் மோதும் டெர்பி நாளன்று எந்தப் பாதையின் லோக்கல் ரயிலில் எந்தக் கோஷம் பலமாகக் கேட்கும் என்று ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வெற்றி பெற்றால் ஒரு தரப்பு வீட்டில் இலிஷ் மீன், மறு தரப்பு வீட்டில் பெரிய இறால் என்ற கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். மீன் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ரயில் பாதைக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. மாதாந்திர சீசன் டிக்கெட் வைத்திருந்த ஓர் அகதிக் குடும்பத்துப் பையனுக்கு மைதானத்துக்கு வர ஒரு பைசா கூடுதலாகச் செலவாகவில்லை. ஒரு கிளப் ஏழைகளின் கிளப்பாக இருக்க முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

கிழக்கிலிருந்து எல்லை தாண்டி வந்த ரயில்கள் 1965 போரோடு நின்றன. காலனிகள் அதற்குள் நகரமாகிவிட்டன.

4

கேலரி போதாத கிளப்புகள் பெரிய ஆட்டங்களுக்கு எங்கே போயின? ஈடன் கார்டன்ஸுக்கு. அது கிரிக்கெட்டுக்காக அமைந்த அரங்கம், அதே மைதானத்தின் வடமுனையில், அதே ராணுவ நிலத்தில். 1977 செப்டம்பர் 24 அன்று பெலே காஸ்மாஸ் அணியோடு வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடியது அங்கேதான். மழையில் ஊறிய தரை. ஆட்டம் 2-2. ஊர் முழுக்கக் கொண்டாடிய அந்த நாளில் கிளப் ஆடியது இரவல் களத்தில்.

1980 ஆகஸ்ட் 16 அன்று அதே ஈடனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. ஆட்டத்தில் ஏற்பட்ட ஓர் உரசல் கேலரிக்குப் பரவியது. இரு தரப்பினரும் ஒரே பகுதியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். கிரிக்கெட் கூட்டம் காலையிலிருந்து மாலைவரை கொஞ்சம் கொஞ்சமாக வரும், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கால்பந்துக் கூட்டம் ஒரே நேரத்தில் வரும், ஒரே நேரத்தில் எழும். அதைப் பிரித்து உட்காரவைக்கத் தடுப்பு வேண்டும், வெளியேற அகலமான வாயில் வேண்டும். பெயர்போன ஆட்டக்காரர்களின் கோபத்தைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். என் துறைக்காரனுக்கு அந்த நாள் படிக்கட்டையும் வாயிலையும் பற்றியது. கொல்கத்தாவில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர்கள் தினமாக ரத்த தானம் செய்து கடைப்பிடிக்கிறார்கள்.

5

ஐந்தாவது குறிப்பில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இன்றைய நிலைமைக்கு வேர் இங்கே இருக்கிறது.

1984-இல் கொல்கத்தாவில் இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. ஜனவரியில் நேரு தங்கக் கோப்பையோடு சால்ட் லேக் அரங்கம் திறந்தது. அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியது, எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, ஐந்து நிலையங்கள். அதில் ஒன்றின் பெயரே மைதான். (அந்த மெட்ரோவின் முதல் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் தயாரானவை.) ஆக, நாட்டின் முதல் சுரங்க ரயில் மைதானத்துக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டில் பெரிய கால்பந்து மைதானை விட்டுப் போய்விட்டது. இரண்டு திட்டங்களையும் போட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று தெரியவில்லை.

சால்ட் லேக் என்பது பெயருக்கேற்ப உப்பு ஏரி. பி.சி. ராய் முதல்வராக இருந்தபோது ஏரியைத் தூர்த்து நகரம் அமைக்க முடிவு செய்தார்கள். வரைபடம் போட்டவர் யுகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோய் தோஷ்கோவிச். அகலமான வீதிகள், பூங்காக்கள், தனி வீடுகள். அந்தப் புதுநகரின் ஓரத்தில், கிழக்குப் பைபாஸ் சாலையை ஒட்டி, 1,20,000 பேர் உட்காரும் அரங்கத்தை மாநில அரசு கட்டியது. எஸ்பிளனேடிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். நகரத்தின் மையத்திலிருந்து நடந்து போகக் கூடியதாக இருந்த ஆட்டம் ஒரே வருடத்தில் பஸ் பிடித்துப் போக வேண்டிய ஆட்டமாக மாறியது.

பெரிய ஆட்டங்களுக்கு இது பொருட்டே இல்லை. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என்று தோற்கடித்தது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். அன்று வந்தவர்கள் 1,31,781 பேர். எப்படி வந்தார்கள்? பாதி ஊர் மாட்டடோர் வண்டியில் வந்தது. இந்தச் சிறு லாரியை அங்கே இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். தெருப் பையன்கள் காசு சேர்த்து வாடகைக்குப் பிடிப்பார்கள். பின்பக்கம் முப்பது பேர், மூங்கிலில் கட்டிய கொடி, ஒரு மேளம், பைபாஸில் வரிசையாக ஊர்ந்துகொண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்கு நாலைந்து முறைதான் ஒரு தெரு மாட்டடோர் பிடிக்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு யார் பிடிப்பார்கள்? டல்ஹௌசி குமாஸ்தா நடந்து வந்தது சாதாரண ஆட்டத்துக்கு. அவருடைய இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் டிக்கெட்டுதான் ஒரு கிளப்பின் அன்றாடச் சோறு. லட்சம் இருக்கைகள் கொண்ட கிண்ணத்தில் எட்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தால் ஆடுபவருக்கும் உற்சாகம் வராது, பக்கத்தில் இருப்பவருக்கும் வராது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும், நியாயமான மறுப்பு. எண்பதுகளில் கூட்டம் குறைந்ததற்கு 1983 கிரிக்கெட் உலகக் கோப்பை காரணம், தொலைக்காட்சி காரணம், கிளப்புகளின் நிர்வாகக் கோளாறு காரணம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். தொலைக்காட்சி எல்லா ஊருக்கும் வந்தது. ஆனால் ரசிகனை வீட்டில் உட்காரவைப்பதற்குத் தொலைக்காட்சி ஒரு காரணம் தந்த அதே வேளையில், வீட்டை விட்டுக் கிளம்புவதை நகரம் கடினமாக்கியது.

நிலத்தைச் சொந்தமாக வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஒரு ஒப்பீடு தருகிறேன். லண்டனில் ஆர்சனல் கிளப் தென்கிழக்குக் கோடியில் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. அங்கே கூட்டம் சேரவில்லை, கிளப் கடனில் மூழ்கியது. 1913-இல் வடக்கே ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. காரணம் எளிது: கில்லெஸ்பி ரோடு என்ற சுரங்க ரயில் நிலையம் 1906 முதலே அங்கே இருந்தது. 1925-இல் மைதானத்தை விலைக்கு வாங்கியது. 1932-இல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மேனின் முயற்சியால் நிலையத்தின் பெயரே ஆர்சனல் என்று மாறியது. 2006-இல் பக்கத்திலேயே 60,000 பேர் உட்காரும் புதிய அரங்கத்துக்குப் போனபோது பழைய மைதானம் அடுக்குமாடிக் குடியிருப்பாகி, அந்தப் பணம் கடனுக்கு உதவியது. இந்த வரிசையில் எந்த ஒரு படியையும் மோகன் பகான் எடுத்திருக்க முடியாது. டென்டை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, அதன் மேல் இன்னொரு அடுக்குக் கட்ட முடியாது. சால்ட் லேக் அரசுக்குச் சொந்தம். அங்கே கிளப் வெறும் வாடகைதாரர்.

ஆகவே கிளப்புகள் விற்க முடிந்தது ஒன்றே ஒன்று: பெயர். 1998-இல் ஒரே மதுபானக் குழுமம் இரண்டு எதிரிகளின் பெயருக்கு முன்னாலும் தன் பிராண்டுகளை ஒட்டியது. 2020-இல் மோகன் பகான் கால்பந்துப் பிரிவின் 80 சதவீதப் பங்கு ஏ.டி.கே. என்ற மற்றொரு கொல்கத்தா கிளப்பை நடத்திய தொழில் குழுமத்துக்குப் போனது. பழைய ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கோபப்பட்டார்கள். அவர்களுடைய கோபம் புரிகிறது. நிலமில்லாத குடும்பம் பஞ்ச காலத்தில் எதை விற்கும்?

6

கடைசிக் குறிப்பு அண்மைக் காலத்தைப் பற்றியது.

2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வருவதால் சால்ட் லேக்கை மூடிப் புதுப்பித்தார்கள். செயற்கைத் தரையை எடுத்துவிட்டுப் புல் வளர்த்தார்கள், தனித்தனி இருக்கைகள் போட்டார்கள், கொள்ளளவு 70,000-க்குக் கீழே இறங்கியது. அந்த இடைக்காலத்தில் கொல்கத்தா டெர்பி 2016-இலும் 2017-இலும் சிலிகுரியில் நடந்தது, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, இமயமலை அடிவாரத்தில். ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு கிளப்புகள் தங்களுக்குள் மோத இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. 2020 மார்ச் 10 அன்று மோகன் பகான் ஐ-லீக் பட்டத்தை உறுதி செய்தது கல்யாணியில், சியால்டாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. லோக்கல் ரயில் நேரே போவதால் அங்கே கூட்டம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

புதுப்பித்ததால் பயன் இல்லாமல் போகவில்லை. 2017 அக்டோபரில் குவாஹாட்டியில் மழையால் தரை கெட்டுப்போக, பிரேசில்-இங்கிலாந்து அரையிறுதி ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். சால்ட் லேக்கின் வடிகால் தாங்கியது. டிக்கெட்டுகள் இரவோடு இரவாக விற்றுத் தீர்ந்தன, 60,000-க்கு மேற்பட்டோர் வந்தார்கள். அந்த ஊருக்குக் கூட்டம் எப்போதும் தயார். தயாராக வேண்டியது மற்றவைதான்.

2020 பிப்ரவரி 13 அன்று சால்ட் லேக் அரங்கத்துக்கு மெட்ரோ வந்தது. அரங்கம் திறந்து 36 ஆண்டுகள் கழித்து. அடுத்த மாதமே ஊரடங்கு. அந்த ஆண்டு இரு கிளப்புகளும் இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) நுழைந்தன, இரண்டு பருவங்கள் முழுக்க கோவாவில், ஆளில்லாத அரங்கங்களில் ஆடின. ஐ.எஸ்.எல்.-இன் முதல் கொல்கத்தா டெர்பி 2020 நவம்பர் 27 அன்று வாஸ்கோவில் நடந்தது. கொல்கத்தாவில் அது நடக்க 2022 அக்டோபர் 29 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 2022 ஜூலையில், மெட்ரோ சியால்டாவைத் தொட்டது. சியால்டாவில் ஏறினால் ஃபூல்பகான், அதற்கடுத்து அரங்கம். இரண்டே நிறுத்தம். 2025 ஆகஸ்டில் பாதை முழுமையாகி, ஹூக்ளிக்கு அடியில் ஹவுராவும் எஸ்பிளனேடும் சியால்டாவும் ஒரே கோட்டில் இணைந்தன. மேலே சொன்ன இரண்டு ரயில் குடும்பங்களும் இப்போது ஒரே மெட்ரோவில் அரங்கத்துக்கு வர முடியும். 1911-இல் டிராமும் படகும் சேர்ந்து செய்ததை நூறாண்டுக்கு மேல் கழித்து நகரம் திரும்பக் கட்டியிருக்கிறது.

ஆனால் ஆட்டம் தொடங்கும் நேரம் ரயிலை வைத்து முடிவாவதில்லை, தொலைக்காட்சியை வைத்து முடிவாகிறது. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும். ஹாப்ராவுக்கோ பண்டேலுக்கோ போக வேண்டியவர் எண்பதாவது நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். ஆட்ட நாட்களில் மெட்ரோ சிறப்பு ரயில் விடுகிறது, நல்லது. மெட்ரோவில் இறங்கிய பிறகு பிடிக்க வேண்டிய லோக்கலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

காவலரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். மைதான் நாட்களிலிருந்தே கொல்கத்தாவின் குதிரைப் போலீஸ் இல்லாமல் பெரிய ஆட்டம் கிடையாது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரம் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, 18-ஆம் தேதி நடக்க வேண்டிய டுராண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. பாதுகாப்புக்குப் போதிய போலீசார் இல்லை என்பது காரணம். அன்று மாலை மூன்று கிளப்புகளின் ரசிகர்களும் அரங்கத்துக்கு வெளியே ஒன்றாகக் கூடி, இறந்த மருத்துவருக்கு நீதி கேட்டார்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகரைத் தோளில் தூக்கிக்கொண்டு மோகன் பகான் ரசிகர் நின்ற படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் கலைக்க வந்த போலீஸ் எண்ணிக்கையைப் பார்த்து, ஆட்டத்துக்கு இல்லாதவர்கள் இதற்கு எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டார்கள். கேள்வி கேலியாகக் கேட்கப்பட்டது. நான் அதை ஆய்வுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு நகரம் தன்னிடம் உள்ள ஆளையும் வண்டியையும் எதற்கு முதலில் ஒதுக்குகிறது என்பதும் உள்கட்டமைப்புதான்.

இந்த ஆய்வை மேலே கொண்டுபோக விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சிறு யோசனை. கிளப்புகளின் ஆண்டறிக்கைகளோடு நிற்காதீர்கள். சியால்டா கோட்டத்தின் இரவு நேர ரயில் அட்டவணையையும் ஐ.எஸ்.எல். ஆட்ட அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தெந்த ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு இருக்கைகள் காலியாகின்றன என்று அரங்கத்தில் நின்று எண்ணுங்கள். ஆட்ட நேரத்தை முடிவு செய்யும் மேசையில் ரயில்வேக்காரர் ஒருவர் உட்கார வேண்டும் என்று நான் சொன்னால் முதியவரின் பிடிவாதம் என்பார்கள். உங்களிடம் எண்ணிக்கை இருந்தால் கேட்பார்கள். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று அவைத் தலைவர் சைகை காட்டுகிறார். கேள்விகளுக்கு வரலாம்.